மலைக்காட்சியை மறைத்த பலகைகள்: வெர்மான்ட் மாநிலத்தின் 1968 தடைச் சட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

அமெரிக்காவின் வடகிழக்கில் கனடா எல்லையை ஒட்டியுள்ள வெர்மான்ட் மாநிலத்தில் 1968 மார்ச் மாதம் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு தொழில் எந்த இடத்தில் நடக்கிறதோ அந்த இடத்தில் மட்டுமே அதற்கான விளம்பரப் பலகை நிற்கலாம் என்றும், வேறெங்கோ நடக்கும் தொழிலைப் பற்றிச் சாலையோரத்தில் விளம்பரம் செய்யும் பலகைகள் அனைத்தும் அகற்றப்பட வேண்டும் என்றும் அது விதித்தது. ஹவாய் தீவுகள் 1927ஆம் ஆண்டிலேயே இத்தகைய தடையைக் கொண்டுவந்திருந்தன. ஆனால் நெடுஞ்சாலைகள் அண்டை மாநிலங்களுக்குள் இடைவெளியின்றி ஓடும் பெருநிலப் பகுதியில் ஒரு மாநிலம் முழுவதற்கும் இதைச் செய்து காட்டியதில் வெர்மான்ட்டே முதலாவது.

அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது, எந்தெந்த முடிவுகளின் மேல் அது கட்டப்பட்டது, பின்னர் என்ன நிகழ்ந்தது, இன்று ஒருவர் அதே வேலையில் இறங்கினால் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை காலவரிசையில் பதிவு செய்கிறது. இதில் பங்குகொண்ட விவசாயிகள், விடுதிக்காரர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் ஆகியோரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள், அவர்கள் முன் என்னென்ன வழிகள் இருந்தன என்பதை அறிந்தாலே போதும்.

பின்னணி

வெர்மான்ட் மிகச் சிறிய மாநிலம். 1960ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 3,90,000 பேர்தான். மாநிலத்தின் நடுவே தெற்கு வடக்காகப் பச்சை மலைத்தொடர் ஓடுகிறது. மேற்கில் சாம்ப்ளேன் ஏரி, கிழக்கில் கனெக்டிகட் ஆறு. பால் பண்ணைகள், மேப்பிள் பாகு, கருங்கல் மற்றும் சலவைக்கல் சுரங்கங்கள் ஆகியவை அதன் பழைய தொழில்கள். இருபதாம் நூற்றாண்டில் இவற்றோடு சுற்றுலாவும் சேர்ந்துகொண்டது. பனிச்சறுக்குக்காரர்களை மேட்டுக்கு இழுத்துச் செல்லும் இயந்திரக் கயிறு அமெரிக்காவில் முதன்முதலாக 1934ஆம் ஆண்டு இம்மாநிலத்தின் உட்ஸ்டாக் ஊரருகே இயங்கத் தொடங்கியது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, இலையுதிர் காலத்தில் செந்நிறமாக மாறும் மேப்பிள் காடுகள், கோடையில் ஏரியும் மலைப்பாதைகளும் என்று ஆண்டு முழுவதும் வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் நிலை உருவாயிற்று. பாஸ்டன், நியூயார்க், மாண்ட்ரியல் ஆகிய மூன்று பெருநகரங்களும் ஒரே நாளில் காரில் சென்றடையும் தொலைவில் இருந்தது இதற்குப் பெரிதும் உதவியது.

ஆகவே அங்கே நிலக்காட்சி என்பது வெறும் அழகு சார்ந்த பொருளாக இருக்கவில்லை. விடுதி, உணவகம், பெட்ரோல் நிலையம், கைவினைக் கடை என்று பலருடைய அன்றாட வருமானம் அதை நம்பியிருந்தது. மக்கள் தம் மலைகளைப் பற்றி வெளியாரின் முடிவுகளை எளிதில் ஏற்றுக்கொள்பவர்களாகவும் இருக்கவில்லை. கூட்டரசின், அதாவது வாஷிங்டனிலுள்ள மத்திய அரசின், நிதியில் பச்சை மலைகளினூடே காட்சிகளைப் பார்த்தபடி காரில் செல்வதற்கான ஓர் உலாச்சாலை அமைக்கும் திட்டம் 1936ஆம் ஆண்டு, ஊர்மக்கள் கூடி வாக்களிக்கும் ஊர்க்கூட்ட நாளில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அவர்கள் அதை நிராகரித்தார்கள். அந்த வாக்குகளுக்குப் பின்னால் மலை மீதான அக்கறையோடு வாஷிங்டன் மீதான அவநம்பிக்கையும் இருந்தது. இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்றாலும், நிலம் குறித்த முடிவுகள் வீட்டு வாசலிலேயே எடுக்கப்பட வேண்டும் என்ற உணர்வு அங்கே ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை அந்த வாக்கெடுப்பு காட்டுகிறது.

முந்தைய முயற்சியும் 1943ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

விளம்பரப் பலகைகளுக்கு எதிரான குரல் 1960களில் திடீரென எழுந்ததன்று. தோட்டக் கழகங்களும் பெண்கள் அமைப்புகளும் 1920களிலிருந்தே நாடு முழுவதும் இதைப் பற்றிப் பேசி வந்தன. வெர்மான்ட்டில் 1930களின் பிற்பகுதியில், நிலக்காட்சிகளை வரைந்துவந்த ஓர் ஓவியரின் முன்முயற்சியில் பலகைக் கட்டுப்பாட்டுக்கென ஒரு சங்கம் அமைந்தது. அந்தக் காலகட்டத்து மாநிலச் சட்டம், பலகைகளுக்கு உரிமம் பெற வேண்டும் என்றும், பலகை எவ்வளவு பெரியதோ அவ்வளவு தூரம் அது சாலையிலிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்றும் வரையறுத்தது.

இந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் 1943ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பே, என் பார்வையில், இந்த நிகழ்வு முழுவதற்கும் அடித்தளம். சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு அந்தச் சாலைக்குள் நுழையவும் வெளிச்சமும் காற்றும் பெறவும் உரிமை உண்டு. தம் இடத்தில் தாம் நடத்தும் தொழிலை வழிப்போக்கருக்குத் தெரிவிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் வேறெங்கோ விற்கப்படும் பொருளுக்காக நிறுத்தப்படும் பலகை, சாலையில் செல்லும் மக்கள் கூட்டத்தையே தன் சரக்காக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சாலை பொதுப் பணத்தில் போடப்பட்டது. அதில் ஆள்நடமாட்டம் இல்லாவிட்டால் அந்தப் பலகைக்கு ஒரு காசு மதிப்பும் கிடையாது. எனவே அத்தகைய பலகை தனியார் நிலத்தில் நின்றாலும் அது பயன்படுத்திக்கொள்வது பொதுச் சாலையைத்தான் என்பதே அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வாதத்தின் சாரம்.

இந்த வாதத்தின் வலிமை, யாருடைய ரசனையையும் அது சார்ந்திருக்கவில்லை என்பதில் இருக்கிறது. பலகை அழகானதா அசிங்கமானதா என்று வாதிடத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது. பலகையின் வருமானம் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால் விடை ஒன்றுதான். தனியார் சொத்துரிமை என்ற பெயரில் எழுப்பப்படும் எதிர்ப்புக்கு இதைவிடத் தெளிவான மறுமொழியை நான் கண்டதில்லை.

1960களில் காணப்பட்ட நிலை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகின. 1950களின் இறுதியிலிருந்து, மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் 89, 91 ஆகிய எண்களுடையவை மாநிலத்துக்குள் கட்டம் கட்டமாக அமைக்கப்பட்டன. 91ஆம் எண் சாலை கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வடக்கே கனடா எல்லை வரை செல்கிறது. 89ஆம் எண் சாலை மலைகளைக் குறுக்காகக் கடந்து, தலைநகர் மான்ட்பீலியர் வழியாகப் பர்லிங்டனை அடைந்து, அங்கிருந்து கனடா நோக்கித் திரும்புகிறது. புதிய சாலைகள் புதிய காட்சிகளைத் திறந்தன. பலகை வைப்பவர்களுக்கும் அதே காட்சிகள்தான் தேவைப்பட்டன. சாலை வளைந்து பள்ளத்தாக்கு விரியும் இடத்தில் ஓட்டுநரின் கண் தானாகவே வெளியே திரும்பும் என்பதால், பலகைக்கு மிக நல்ல இடமும் இயற்கைக் காட்சிக்கு மிக நல்ல இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இதில் பாதிக்கப்பட்டவர்களையும் பயனடைந்தவர்களையும் இரு அணிகளாகப் பிரித்துவிட முடியாது என்பதே அன்றைய சூழலின் சிக்கல். பிரதான சாலையிலிருந்து சில மைல்கள் உள்ளே, மலைச் சரிவில் விடுதி நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பலகை இல்லாவிட்டால் அவர் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. அவர் ஒரு பலகை வைக்கிறார். அவருடைய போட்டியாளர் அதைவிடப் பெரிதாக ஒன்று வைக்கிறார். இவர் மீண்டும் செலவழித்து இரண்டாவது பலகையை நிறுத்துகிறார். முடிவில் இருவருக்கும் பழைய வாடிக்கையாளர்களே வருகிறார்கள். செலவு மட்டும் கூடியிருக்கிறது. விருந்தினர் எந்த மலையைப் பார்க்க வந்தாரோ அந்த மலை வழியெங்கும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டே வருகிறது. தனியொருவராக இதிலிருந்து விலகினால் அவருக்கு மட்டுமே நட்டம். பல விடுதிக்காரர்கள் பலகைகளை விரும்பாமலேயே பலகைகளுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்க இடம் தந்தது இந்தப் பொறிதான். சாலையோர மேய்ச்சல் நிலத்தில் ஒரு மூலையைப் பலகைக்குக் குத்தகைக்கு விட்ட விவசாயிக்கோ, பால் விலை சரியும் ஆண்டுகளில் அந்தச் சிறு வாடகை உதவியாக இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூட்டரசுச் சட்டம் விட்டுச்சென்ற ஓட்டைகள்

இதே காலத்தில் வாஷிங்டனிலும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. புதிய இன்டர்ஸ்டேட் சாலைகளில் பலகைகளைக் கட்டுப்படுத்தும் மாநிலங்களுக்குச் சிறு ஊக்கத்தொகை தருவதாக 1958ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்திருந்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதிபர் லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் முனைப்போடு முன்னெடுத்த நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் 1965 அக்டோபர் 22ஆம் நாள் கையெழுத்தானது. இன்டர்ஸ்டேட் சாலைகளிலும் கூட்டரசு நிதிபெறும் முதன்மைச் சாலைகளிலும், சாலை எல்லையிலிருந்து 660 அடிக்குள் பலகைகளை மாநிலங்கள் கட்டுப்படுத்த வேண்டும் என்றும், 1968 ஜனவரி 1க்குப் பின்னும் அவ்வாறு செய்யாத மாநிலம் தன் நெடுஞ்சாலை நிதியில் 10 விழுக்காட்டை இழக்கும் என்றும் அது கூறியது.

ஆனால் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடந்த பேரத்தில் அந்தச் சட்டம் பல இடங்களில் வலுவிழந்திருந்தது. வணிக, தொழில் மண்டலங்களில் பலகைகள் தொடர அது இடம் தந்தது; எந்த இடம் வணிக மண்டலம் என்பதை உள்ளூர் அமைப்புகளே அறிவிக்கலாம் என்பதால் வெற்றுக் காட்டுச் சாலையும் ஒரே நாளில் வணிக மண்டலமாக மாறக்கூடிய நிலை ஏற்பட்டது. அகற்றப்படும் பலகைகளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் அது நிபந்தனை விதித்தது. அதற்கான கூட்டரசு நிதி பின்னாளில் வற்றிப்போகவே, பல மாநிலங்களில் அகற்றும் பணியும் நின்றுபோனது.

வெர்மான்ட்டுக்கு இது இரு வகைகளில் முக்கியமானது. ஏதேனும் ஒரு சட்டத்தை இயற்றியே தீர வேண்டும் என்ற காலக்கெடு வந்துவிட்டது. கூட்டரசின் வழியை அப்படியே பின்பற்றினால் மண்டல விலக்கு என்ற வாசல் தம் மாநிலத்திலும் திறந்துவிடும் என்பதும் தெரிந்துவிட்டது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அன்று ஆளுநராக இருந்த பிலிப் ஹாஃப் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். அக்கட்சியிலிருந்து அம்மாநிலத்தில் ஒருவர் ஆளுநரானது நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகு. சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை. மசோதாவை முன்னின்று நடத்தியவர் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர். ஆகவே இது ஒரு கட்சியின் கொடியாக மாறவில்லை. சட்டமன்றத்தின் அமைப்பும் அப்போதுதான் மாறியிருந்தது: ஊருக்கு ஓர் உறுப்பினர் என்ற பழைய முறையில் 246 பேர் இருந்த அவை, 1965ஆம் ஆண்டில் மக்கள்தொகை அடிப்படையில் 150 பேர் கொண்டதாகச் சுருங்கியது. புதிதாக வந்தவர்கள் பழைய ஏற்பாடுகளுக்குக் கட்டுப்படாமல் யோசித்தது மசோதாவுக்குத் துணையாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

முதல் முடிவு, காரணத்தை எப்படிச் சொல்வது என்பது பற்றியது. சட்டத்தின் தொடக்கத்திலேயே சட்டமன்றம் தன் கண்டறிதல்களை வரிசைப்படுத்தியது. சுற்றுலா மாநிலத்தின் மிகப் பெரிய வருமான வழிகளில் ஒன்று. பயணிகளுக்குத் தகவல் தரும் வசதிகள் மிகவும் குறைவு. இயற்கைக் காட்சிகள் மாநிலம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன, அவையே பயணிகளையும் புதிய குடியிருப்பாளர்களையும் புதிய தொழில்களையும் ஈர்க்கின்றன. சிதறிக் கிடக்கும் விளம்பரப் பலகைகள் அந்தக் காட்சிகளுக்கும், அதன் வழியாக மாநிலப் பொருளாதாரத்தின் அடித்தளத்துக்கும் கேடு விளைவிக்கின்றன. பயணிகளுக்குத் தகவல் தரும் வழியாகவும் அவை பயனற்றவை. சாலையில் செல்வோருக்கு அவை ஆபத்தானவை. அழகு என்பதை மட்டும் காரணமாகக் காட்டாமல் வாழ்வாதாரத்தையும் பாதுகாப்பையும் சேர்த்துக் கட்டியதால், விடுதிக்காரர் தம் சொந்த நலனுக்காகவே இச்சட்டத்தை ஆதரிக்க முடிந்தது.

இரண்டாவது முடிவு, எல்லை பற்றியது. மண்டல விலக்கு எதுவும் இல்லை. 660 அடிக் கணக்கும் இல்லை. மாநிலத்தின் பொதுச் சாலைகள் அனைத்தும் இதில் அடங்கும். காட்சிக்குரிய சாலைகளை மட்டும் பட்டியலிட்டுப் பாதுகாப்பது எளிதான வழியாகத் தோன்றலாம். ஆனால் பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால், அதில் எந்தச் சாலை இடம்பெற வேண்டும் என்ற சண்டை ஆண்டுதோறும் நடக்கும். பட்டியலில் இல்லாத சாலைகளில் பலகைகள் வந்து குவியும். எல்லா இடங்களிலும் ஒரே விதி என்றால் போட்டியாளர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் ஆயுதத்தைக் கீழே வைக்கிறார்கள். முன்னே சொன்ன பொறியிலிருந்து வெளியேற வேறு வழி இல்லை.

மூன்றாவது முடிவே இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிப்பது. ஒரு விளம்பரப் பலகை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஏற்கெனவே ஓரிடத்தைத் தேடிச் செல்பவருக்கு வழி சொல்கிறது; எதையும் தேடாதவருடைய கண்ணைப் பிடித்து இழுக்கிறது. முதலாவது பயணிக்கும் வணிகருக்கும் உண்மையான தேவை. வெர்மான்ட் சட்டம் இவ்விரண்டையும் பிரித்து, வழி சொல்லும் வேலையை அரசே ஒரு பொதுச் சேவையாக ஏற்றுக்கொண்டது. இதற்கென அதிகாரபூர்வ வணிக வழிகாட்டிப் பலகைகள் என்ற முறை உருவாயிற்று. சாலை பிரியும் இடத்தில் ஒரு கம்பம். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறுகிய நீள்பலகைகள். ஒவ்வொன்றிலும் தொழிலின் பெயர், அம்புக்குறி, தொலைவு. விலை இல்லை, தள்ளுபடி இல்லை, புகழுரை இல்லை, சிரிக்கும் முகம் இல்லை. நாற்பது அறைகள் கொண்ட பெரிய விடுதியும், நான்கு அறைகளை வாடகைக்கு விடும் பண்ணை வீடும் அந்தக் கம்பத்தில் ஒரே அளவு எழுத்தில்தான் நிற்க வேண்டும். தொழில் நடத்துவோர் விண்ணப்பித்து ஆண்டுக் கட்டணம் செலுத்துகிறார்கள். பயணிகள் நின்று விவரம் அறிய தகவல் மையங்களும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. இவற்றுக்கான விதிகளை வகுக்கும் பயணத் தகவல் குழுவில் விடுதி, உணவகம், பொழுதுபோக்கு முதலிய தொழில்களின் பிரதிநிதிகளுக்கும் இடம் அளிக்கப்பட்டது.

நான்காவது முடிவு, சொந்த இடத்துப் பலகைகள் பற்றியது. 1943 தீர்ப்பு காட்டிய பிரிவினையை அப்படியே பின்பற்றி, தொழில் நடக்கும் இடத்தில் பலகை வைக்க அனுமதி தொடர்ந்தது. ஆனால் அதற்கும் வரம்புகள் வந்தன: பரப்பு 150 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது, நுழைவாயிலிலிருந்து 1,500 அடிக்குள் இருக்க வேண்டும். மின்னி அணையும் விளக்குகள், அசையும் பாகங்கள் கூடாது. போக்குவரத்துக் குறிகளைப் போல் தோற்றமளிக்கக் கூடாது. மரத்தில் அறைவதோ பாறையில் வண்ணம் பூசி எழுதுவதோ கூடாது.

ஐந்தாவது, கால அவகாசம். ஏற்கெனவே சட்டப்படி நின்றுகொண்டிருந்த பலகைகள் உடனே இடிக்கப்படவில்லை. முதலீட்டை மீட்டுக்கொள்ளவும் குத்தகைகள் முடிவடையவும் சில ஆண்டுகள் அவகாசம் தரப்பட்டது. வேறொரு வழியைத் தேடிக்கொள்ள வணிகர்களுக்கும், வாடகை வருமானம் நிற்கப்போகிறது என்பதற்குத் தயாராக விவசாயிகளுக்கும் அது நேரம் கொடுத்தது.

எதிர்ப்பு

எதிர்ப்பு மூன்று திசைகளிலிருந்து வந்தது. விளம்பர நிறுவனங்களின் எதிர்ப்பு எதிர்பார்த்ததே. சொத்துரிமையைக் காட்டி எழுந்த எதிர்ப்புக்கு, மேலே கூறிய தீர்ப்பு ஏற்கெனவே விடை தந்திருந்தது. மிகவும் கவனத்தோடு கேட்கப்பட வேண்டியதாக இருந்தது மூன்றாவது எதிர்ப்பு: பிரதான சாலையில் கடை வைத்திருப்பவருக்குச் சொந்த இடத்துப் பலகை இருக்கும், பெரிய நிறுவனத்துக்குச் செய்தித்தாளும் வானொலியும் இருக்கும், உள்ளே தள்ளி இருக்கும் சிறு தொழில்காரர் என்ன செய்வார் என்ற கேள்வி. வழிகாட்டிப் பலகை முறை இல்லாதிருந்தால் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இருந்திருக்காது. சட்டமும் நிறைவேறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

தொடர்ந்து நிகழ்ந்தவை

ஆளுநர் கையெழுத்திட்ட பிறகு பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. 1970களின் நடுப்பகுதிக்குள் வெளியிடத்து விளம்பரப் பலகைகள் மாநிலத்தின் சாலையோரங்களிலிருந்து மறைந்துவிட்டன. சட்டம் வந்த காலமும் சாதகமாக அமைந்தது. கூட்டரசு நிதிபெறும் நெடுஞ்சாலைகளில் பலகைகளை அகற்றும்போது அவகாசம் மட்டும் கொடுத்தால் போதாது, பணமாகவே இழப்பீடு தர வேண்டும் என்று 1978ஆம் ஆண்டுத் திருத்தம் நாடு முழுவதும் விதியை இறுக்கியது. அதற்கு முன்னரே வெர்மான்ட் பணியை முடித்திருந்தது. பத்தாண்டு தாமதித்திருந்தால் அதே வேலை, ஒரு சிறிய மாநிலத்தின் கருவூலத்தால் தாங்க முடியாததாகியிருக்கும்.

சுற்றுலா சரியும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. பயணிகள் தொடர்ந்து வந்தார்கள். சுற்றுலா மாநிலத்தின் முக்கியத் தொழில்களில் ஒன்றாகவே நீடிக்கிறது. இந்த வளர்ச்சியைப் பலகைத் தடையின் பயன் என்று சிலர் கணக்குப் போடுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே ஆண்டுகளில் இன்டர்ஸ்டேட் சாலைகளும் நீண்டன, பனிச்சறுக்கு மையங்களும் பெருகின. எது எதனால் விளைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தடையால் தொழில் அழியவில்லை என்பது மட்டும் உறுதி. அதுவே போதுமான விடை.

பலகைச் சட்டம் தனித்து நிற்கவும் இல்லை. இரண்டே ஆண்டுகளில், குடியரசுக் கட்சி ஆளுநர் டீன் டேவிஸின் காலத்தில், பெரிய கட்டுமானத் திட்டங்களைச் சுற்றுச்சூழல் அளவுகோல்களைக் கொண்டு பரிசீலிக்கும் 250ஆம் எண் சட்டம் 1970ல் வந்தது. நிலக்காட்சி என்பது பொதுச் சொத்து என்ற எண்ணம் பலகைகளின் வழியாக மக்கள் மனத்தில் முன்பே பதிந்திருந்தது அதற்கு உதவியிருக்க வேண்டும்.

எதிர்பாராத விளைவுகளும் உண்டு. பலகைக்குப் பரப்பு வரம்பு வந்தபின் சில கடைக்காரர்கள் தம் வளாகத்தில் பிரம்மாண்டமான சிலைகளை நிறுத்தினார்கள். ஒரு கார் விற்பனையகத்தின் முன் 1980களில் எழுப்பப்பட்ட பல டன் எடையுள்ள கான்கிரீட் கொரில்லா, ஓர் உண்மையான வோக்ஸ்வாகன் பீட்டில் காரை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கம்பளக் கடைக்காக, கெண்டியிலிருந்து எழும் பூதம் சுருட்டிய கம்பளத்தை ஏந்தி நிற்கும் சிலை அமைக்கப்பட்டது. எழுத்து எதுவும் இல்லாததால் இவை பலகை என்ற வரையறைக்குள் எளிதில் அடங்கவில்லை. சட்டங்கள் தாம் நினையாத இடத்தில் போய் முடியும் என்பதற்கு உதாரணமாகப் பொருளியல் எழுத்துகளில் இச்சிலைகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. அந்த எடுத்துக்காட்டு உண்மைதான். ஆனால் அதன் அளவை மறந்துவிடக் கூடாது. இச்சிலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை; அவை நிற்பது அவரவர் சொந்தக் கடை வாசலில்; பள்ளத்தாக்கின் குறுக்கே நின்று மலையை மறைப்பவை அல்ல. இவற்றைக் காட்டித் தடையே தோற்றுவிட்டது என்று சொல்வது நியாயமில்லை.

பிற மாநிலங்களும் நீதிமன்றங்களும்

வெர்மான்ட்டைப் பின்பற்றி மேய்ன் மாநிலம் 1977ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. அலாஸ்காவில் 1998ஆம் ஆண்டு மக்களே வாக்களித்துத் தடையை உறுதிசெய்தார்கள். ஹவாயையும் சேர்த்து இன்று இந்த நான்கு மாநிலங்களில்தான் முழுத் தடை உள்ளது. மேய்ன் சட்டம் நீதிமன்றத்தில் ஓர் அடி வாங்கியது: வணிக விளம்பரங்களோடு அரசியல், கொள்கைப் பலகைகளையும் சேர்த்துத் தடுத்தது பேச்சுரிமைக்கு எதிரானது என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது, மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வணிகம் சாராத பேச்சுக்கு இடம் விட்ட பிறகே மேய்னில் பணி தொடர்ந்து, 1984க்குள் பலகைகள் அகற்றப்பட்டன.

சொந்த இடம், வெளியிடம் என்ற பிரிவினையே கேள்விக்குள்ளான காலமும் வந்தது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்து விதிக்கும் கட்டுப்பாடு நீதிமன்றத்தின் கடும் சோதனைக்கு உள்ளாக வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால், பழைய பலகைச் சட்டங்கள் அனைத்தும் ஆட்டம் காணும் என்ற கவலை எழுந்தது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில், ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், இடத்தை மட்டும் வைத்துப் பிரிக்கும் இந்த முறை கருத்தைக் குறிவைப்பதாகாது என்று கூறியது. 1943ல் வெர்மான்ட் நீதிபதிகள் பிடித்துக்கொண்ட இழை எண்பதாண்டுகளுக்குப் பின்னும் அறுந்துவிடவில்லை.

இன்று செய்தால் மாற்ற வேண்டியவை

இதே வேலையை இன்று மேற்கொள்வோருக்குச் சில திருத்தங்களைப் பரிந்துரைப்பேன். பலகை என்பதன் வரையறையில் முப்பரிமாண உருவங்களையும் உயர வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். சிலைகளைத் தடை செய்யத் தேவையில்லை, அவை கூரையைத் தாண்டி எழாமல் இருந்தால் போதும். வணிகம் சாராத பேச்சுக்குத் தொடக்கத்திலேயே தனிப் பிரிவு எழுதிவிட வேண்டும். மேய்ன் பட்ட சிரமம் மற்றவர்களுக்குத் தேவையில்லை. மின்திரைப் பலகைகளுக்கு ஒளியளவு, படம் மாறும் வேகம் இரண்டையும் எண்களால் வரையறுக்க வேண்டும். மின்னவும் அசையவும் கூடாது என்ற 1968 வாசகம் அந்நாளைய விளக்குகளுக்குப் போதுமானதாக இருந்தது. சில நொடிகளுக்கு ஒருமுறை படம் மாறும் திரையை அது கட்டுப்படுத்துமா என்று வாதிட இடம் இருக்கிறது.

குத்தகை வாடகையை இழக்கும் விவசாயியைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துவேன். இழப்பீடு பற்றிய விவாதங்களில் பலகைக்குச் சொந்தமான நிறுவனமே பெரும்பாலும் முன்னே நிற்கிறது; நிலத்தைக் கொடுத்தவர் பின்னுக்குப் போய்விடுகிறார். ஆனால் காட்சியை உண்மையில் காத்து நிற்பவை அவருடைய மேய்ச்சல் நிலமும் வேலியும் களஞ்சியமும்தான். பலகை வாடகைக்கு ஈடாகச் சில ஆண்டுகளுக்கு ஒரு சிறு தொகையை நேரடியாக அவருக்கே தருவது அதிகச் செலவில்லாதது; கிராமப்புறத்தில் சட்டத்துக்கு ஆதரவையும் அது தேடித்தரும்.

பலகைகள் இறங்குவதற்கு முன்பே சாலைகள்தோறும் குறித்த இடங்களிலிருந்து புகைப்படம் எடுத்து, எண்ணிக்கையையும் பதிந்து வைத்துவிட வேண்டும். பின்னாளில் சுற்றுலா வருவாய் பற்றியும் விபத்துகள் பற்றியும் எழும் வாதங்களுக்கு அதுவே ஆதாரம்.

கைபேசி வழிகாட்டி வந்துவிட்ட காலத்தில் அரசின் வழிகாட்டிப் பலகைகள் தேவையா என்று கேட்கப்படுகிறது. மலைப் பள்ளத்தாக்குகளில் கைபேசி அலைவரிசை கிடைக்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன. அலைவரிசை கிடைக்கும் இடத்திலும், வரைபடச் செயலியில் பணம் கட்டியவர் பெயர் முன்னே வருகிறது. கம்பத்தில் அப்படி எவரும் முன்னே வர முடியாது. எனவே அந்தக் கம்பங்களைத் தொடர்ந்து வைத்திருக்கவே பரிந்துரைப்பேன். ஆண்டுக் கட்டணத்தை மட்டும் தொழிலின் அளவுக்கேற்ப மாற்றி, நான்கு அறை விடுதிக்காரர் நாற்பது அறை விடுதிக்காரருக்கு இணையான தொகையைக் கட்ட வேண்டியிராதபடி அமைக்க வேண்டும்.